தொண்ணூற்றொரு பூ மாலை

வெள்ளாற்றின் மேல் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கே கதிரவன் விட்டுச்சென்ற செம்மை முழுவதும் கரையாமல் தென்னந்தோப்புகளின் தலைமீது தங்கியிருக்க, கிழக்கே நாணற்புதர்களுக்குப் பின்னாலிருந்து பௌர்ணமிச் சந்திரன் மெல்ல எழுந்து ஆற்றின் குறுக்கே வெள்ளிப் பாதை ஒன்றை விரித்துவிட்டது. வடகரையில் நெடுங்கரைக் கோட்டையின் மதில் கறுத்து உயர்ந்து நின்றது. அதன் உச்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அகல் விளக்குகள் மினுங்கின. தென்கரையில், அக்கோட்டையை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுக் கிடந்த மன்னர் ரணதுங்கரின் பாசறை கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருந்தது. யானைகள் நீர் குடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. குதிரைக் கொட்டில்களிலிருந்து கொள்ளு வேகும் மணம் வந்தது.

வாசகர்களே, இப்படிப்பட்ட மாலைப்பொழுதில், போர்ப் பாசறையின் நடுவே, மன்னரும் பெரியவர்களும் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வாளைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள் என்றோ, வீரர்களின் காயத்தை விசாரித்துக்கொண்டிருப்பார்கள் என்றோ நீங்கள் நினைத்தால், ரணதுங்கரின் அவையை உங்களுக்குத் தெரியாது என்றுதான் பொருள். அவர்கள் பூ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பட்டுத்துணியால் வேய்ந்த அந்தக் கூடாரத்துக்கு ‘மறைமொழி மண்டபம்’ என்று பெயர். ரகசியச் செய்திகளை உடைத்துப் படிப்பது அந்நாட்டுப் பெரிய மனிதர்களுக்கு அப்போது பிடித்திருந்த பைத்தியம். சதுரங்கம் பழசாகிவிட்டது, சேவற்சண்டை கீழ்மக்கள் விளையாட்டாகிவிட்டது. எதைக் கண்டாலும் எண்ண வேண்டும், எண்ணியதை வரிசைகளாக அடுக்க வேண்டும், அடுக்கியதில் பகைவரின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொக்குக் கூட்டம் பறந்தால் எண்ணினார்கள். சலவைக்காரன் உலர்த்திய வேட்டிகளை எண்ணினார்கள். எண்ணிய ஒவ்வொருவரும் தாம் கண்டுபிடிக்க விரும்பியதையே கண்டுபிடித்தார்கள் என்பதுதான் வியப்பு.

மண்டபத்தின் ஓர் ஓரத்தில், முத்துப் பதித்த ஆசனத்தில், நாகைச் சீமாட்டி பரவை அமர்ந்திருந்தாள். கடாரத்துக்குக் கப்பல் ஓட்டும் பெருவணிகரின் மனைவி. கணவர் கடல் கடந்து போயிருக்க, போர் முடியும்வரை கரையோரத்துக் கொற்றவைக்கு மலர்த்தொண்டு செய்வதாக நேர்ந்துகொண்டு வந்தவள். மறைமொழிப் பைத்தியம் அவளுக்கும் உண்டு. இப்படித்தான் அவையில் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அவள் பெயர் வரகுணாட்டி. எதிரே தெரிந்த கோட்டையின் தலைவர் ஆதன் அழிசியின் உடன்பிறந்த தங்கை.

அவளுக்கு இவர்கள்மீது கோபமே வந்ததில்லை. கோபம் என்பது நமக்குச் சமமானவர்மேல் வருவது. சாய்ந்தபடி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு, ‘இந்தக் கூட்டமா எங்கள் கோட்டையைப் பிடிக்கப் போகிறது?’ என்று தினமும் நினைத்துக்கொள்வாள். விசிறி எதற்கென்றால், சிரிப்பை மறைக்க.

“சீமாட்டியாரே! இன்றைய மாலையையும் எண்ணியாகிவிட்டது!” என்று முழங்கினார் அம்மான் விழுப்பரையர்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மன்னரின் தாய்மாமன். பருத்த உடல், அதைவிடப் பருத்த குரல். ‘எண்களின் ஏகாதிபதி’ என்ற பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டு, அதை வேறொருவர் சூட்டியதாக நம்பவும் பழகிக்கொண்டவர்.

அவர் கையிலிருந்தது கொற்றவையின் பிரசாதமாகப் போக வேண்டிய மாலை. கோட்டையிலிருப்பவர்களின் குலதெய்வமான அந்தக் கொற்றவையின் கோயில், போரின் வினையால் எதிரியின் கரையில் மாட்டிக்கொண்டது. ரணதுங்கர் மனிதர் யாருக்கும் அஞ்சாதவர். ஆனால் அம்மனுக்கு அஞ்சுவார். ஆகவே தினமும் அந்தியில் அம்மன் காலடியில் வைத்த மாலை ஒன்று பரிசலில் ஏறி ஆற்றைக் கடந்து கோட்டைக்குப் போகும். கொண்டுபோகும் பூசாரி திரும்பி வந்து இந்தக் கரையில் கால் வைக்கும்வரை இரு பக்கமும் ஓர் அம்புகூடப் பறக்கக் கூடாது. அந்த மாலையைக் கட்டித் தருவதுதான் சீமாட்டி பரவையின் திருத்தொண்டு. வெள்ளை நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் கலந்து கட்டுவாள். அனுப்புமுன் மறைமொழி மண்டபம் அதைச் சோதிக்கும்.

“எத்தனை பூக்கள், அம்மான்?” என்று பயபக்தியோடு கேட்டாள் வரகுணாட்டி.

“தொண்ணூற்றொன்று. வழக்கம்போலவே பகா எண். செய்தி எதுவும் இருக்க வழியில்லை!”

பகா எண் என்றால் என்னவென்று அறியாதவர்கள் அஞ்ச வேண்டாம். பன்னிரண்டு வீரர்களை நிறுத்தினால் மூன்று வரிசையாக நிற்பார்கள், நான்கு வரிசையாகவும் நிற்பார்கள், அணி குலையாது. பதின்மூன்று பேரை நிறுத்திப் பாருங்கள். இரண்டாக நிறுத்தினாலும் மூன்றாக நிறுத்தினாலும் எப்படி நிறுத்தினாலும் யாரோ ஒருவர் எங்கோ துருத்திக்கொண்டு நிற்பார். சமமான வரிசைகளாகப் பிரிய மறுக்கும் அப்படிப்பட்ட எண்தான் பகா எண். மறைமொழி மண்டபத்தின் முறையோ வரிசைகளை நம்பியது: பூக்களை எண்ணுவது, அந்த எண் எப்படியெல்லாம் பிரியுமோ அப்படியெல்லாம் வரிசை போடுவது, சிவப்புப் பூக்கள் சேர்ந்து ஏதாவது உருவம் காட்டுகிறதா என்று பார்ப்பது. பிரியாத எண்ணுக்கு வரிசை கிடையாது. வரிசை இல்லையென்றால் உருவம் இல்லை. உருவம் இல்லையென்றால் மாலை போகலாம்.

முறையில் குற்றமில்லை. குற்றம் அம்மானின் தலையில் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் விழுப்பரையர் பகா எண்களையெல்லாம் திரட்டிச் செப்பேட்டில் பொறித்து, மன்னரின் முத்திரை வைத்து, யானைமேல் ஊர்வலம் விட்டார். இரண்டால் வகுத்துப் பார்த்தார், மூன்றால் பார்த்தார், ஐந்தால் பார்த்தார். அதற்குள் பகல் உணவு வேளை வந்துவிட்டது போலும். தொண்ணூற்றொன்றும் பகா எண்ணாகப் பட்டியலில் ஏறிவிட்டது. பக்கத்து அரசர்களுக்கெல்லாம் அதன் படிகள் பரிசாகப் போயின. நெடுங்கரைக் கோட்டைக்கும் ஒன்று வந்தது. வரகுணாட்டி அதை ஒரு முறை படித்தாள், பதின்மூன்றை ஏழு முறை கூட்டினாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். முற்றுகை வந்தபோது அண்ணனிடம் அவள் சொன்னது இதுதான்: “அண்ணா, அந்தக் கூட்டத்தில் தொண்ணூற்றொன்றைப் பிரிக்க ஒருவருக்கும் துணிவு வராது. நான் அனுப்பும் மாலையை முடிச்சிலிருந்து தொடங்கி ஏழு ஏழு பூக்களாக வைத்துப் பாருங்கள்.”

அன்றுமுதல் வில்லின் உருவம் போனால் வில்லாளர்கள் வருகிறார்கள் என்று பொருள்; யானை போனால் தலைவாயிலில் தாக்குதல். கோட்டை ஒவ்வொரு முறையும் தயாராக நின்றது. ரணதுங்கருக்கு அது அம்மனின் சோதனையாகத் தோன்றியது.

இன்றைய மாலையில் இருந்தது மீன். மீன் என்றால் மதகு.

வரகுணாட்டியின் விசிறி இன்று கொஞ்சம் வேகமாக அசைந்ததற்குக் காரணமும் அதுவே. முந்திய மாலை கோட்டை மதிலில் எரிந்த விளக்குகளை எண்ணி, வரிசை போட்டு, அதில் ‘திறந்த வாய்’ ஒன்றைக் கண்டிருந்தார் விழுப்பரையர். ‘மேற்கு மதகில் காவல் இல்லை என்று அவர்கள் தம் துணைப்படைக்குச் சொல்கிறார்கள்’ என்பது அவர் கண்ட பொருள். அந்த விளக்குகளை ஏற்றுவது அண்ணி. அன்றைக்கு எண்ணெய் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஏற்றுவாள். அதில் மறைமொழியாவது மண்ணாங்கட்டியாவது! ஆனால் அந்த உளறலை நம்பி, விடியலில் நானூறு வீரர்கள் மதகுக் கால்வாய் வழியாகக் கோட்டைக்குள் புகுவது என்று மன்னர் ஆணையிட்டுவிட்டார். அண்ணனுக்கு இந்த மாலை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் இன்றிரவே மதகைத் திறந்துவிடுவார். கால்வாயில் வெள்ளம் சீறும். எவனும் இறங்க முடியாது. சேராவிட்டால் கோட்டையிலிருக்கும் அத்தனை குடும்பங்களின் கதியும் அதோடு முடிந்தது.

“மாலை போகலாம்” என்று அம்மான் கையை உயர்த்தினார்.

“சற்றுப் பொறுங்கள்” என்றது ஒரு குரல்.

வாயிலில் நின்றவன் இளங்காரி. மன்னரின் சேனைத்தலைவன், விடியலில் அந்த நானூறு பேருக்கும் முன்னால் போக வேண்டியவன். வடக்கு எல்லையில் போரிட்டுவிட்டு அண்மையில்தான் வந்து சேர்ந்தான். புழுதி படிந்த கவசத்தோடு பட்டு விரிப்பின்மேல் நடந்து வந்து, அம்மானின் பலகைக்கு முன் அமர்ந்தான்.

“மன்னர்பிரானே, தொண்ணூற்றொன்று பிரியும்” என்றான்.

அவையில் யாரோ இருமினார். பிறகு அந்த இருமல்கூட நின்றுவிட்டது.

“செப்பேட்டில் இருக்கிறதே, சேனாபதி?” என்றார் ரணதுங்கர் குழப்பத்தோடு.

“செப்பேட்டில் தவறு இருக்கிறது, பிரபு. செப்பேட்டிலேயே தவறு என்றால், விளக்குகளைப் பார்த்துச் சொன்னதிலும் தவறு இருக்கலாம். என் வீரர்கள் கழுத்தளவு நீரில் மதகின் வேலியில் சிக்கிச் சாக நான் விரும்பவில்லை. அனுமதி கொடுங்கள், இங்கேயே காட்டிவிடுகிறேன்.”

மாலையின் பூக்களைப் படியெடுப்பதற்காகப் பலகையின் மேல் இரண்டு கிண்ணங்கள் எப்போதும் இருக்கும்: வெள்ளைப் பூவுக்குச் சோழி, சிவப்புப் பூவுக்குக் குன்றிமணி. இளங்காரி முடிச்சிலிருந்து தொடங்கி, பூவைப் பார்த்துப் பார்த்து, ஏழு ஏழாக அடுக்க ஆரம்பித்தான். முதல் வரிசை. இரண்டாவது வரிசை. மூன்றாவதில் குன்றிமணிகள் இரு பக்கமும் விரிந்து நடுவில் ஒடுங்கின.

வால்!

வரகுணாட்டியின் விசிறி நின்றுவிட்டது. அவையோர் யாரும் வாலைக் கவனிக்கவில்லை. அவர்கள் அம்மானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வரிசை போனால் குருடனுக்குக்கூட மீன் தெரியும். ஓடிப்போய்ப் பலகையைக் கவிழ்த்துவிடலாமா என்று அவள் பாதி எழுந்தும்விட்டாள்.

இளங்காரியின் கை நின்றது. அவன் தலை நிமிர்ந்து நேராக அவளைப் பார்த்தான். கண்ணிமைக்கும் நேரம்தான். பிறகு போட்ட குன்றிமணிகளைக் கையால் வழித்துக் கிண்ணத்தில் தள்ளிவிட்டு, “நிறம் எதற்கு? பேச்சு எண்ணைப் பற்றித்தானே!” என்று சொல்லி, முழுக்க வெள்ளைச் சோழிகளாலேயே மீண்டும் அடுக்கினான்.

பதின்மூன்று வரிசை. வரிசைக்கு ஏழு. ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

மன்னர் எழுந்து வந்து தம் விரலாலேயே எண்ணினார். தொண்ணூற்றொன்று. இன்னொரு முறை எண்ணினார். எண் மாறவில்லை. வாசகர்களே, கண்ணெதிரே கிடந்த அந்த உண்மையைப் பார்த்து ஒரு பள்ளிப்பிள்ளைகூடத் தலையாட்டியிருக்கும். ஆனால் பள்ளிப்பிள்ளையிடம் முத்திரை மோதிரம் கிடையாது.

“எம் முத்திரை பதிந்த செப்பேடு எப்படித் தவறாகும்?” என்றார் ரணதுங்கர். அவர் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது.

விழுப்பரையருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் முட்டாள்தனம் நெருக்கடியில் கைவிடாத நண்பன். அவர் சட்டென்று நிமிர்ந்தார். “மன்னா! இங்கே பிரிந்தது சோழிகள். எண் பிரியவில்லை!”

“ஆகா!” என்றது அவை.

“சோழி கடலில் கிடப்பது, கையால் தள்ளினால் நகரும். எண் நகருமா? இவர் சோழியைப் பிரித்துக் காட்டிவிட்டு எண்ணைப் பிரித்ததாகச் சொல்கிறார்!”

அவையோர் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். எப்பேர்ப்பட்ட நுட்பம்! வரகுணாட்டிக்கு இவர்களைப் பார்த்து உமிழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் உமிழ்வதற்கு இது நேரமில்லை. அவள் விசிறியை மடக்கிவிட்டு, அம்மானைவிட ஒரு படி மேலே போனாள்.

“சேனாபதியார் போர்க்களத்திலேயே இருந்துவிட்டார், பாவம். வீரர்களை வரிசையாக நிறுத்தி நிறுத்தி, எதைப் பார்த்தாலும் வரிசையாகத்தான் தெரிகிறது. நுண்ணெண் என்பது கவசம் போட்டவர்களுக்கு எட்டுகிற விஷயமா?” என்றாள்.

கூடாரம் சிரிப்பால் குலுங்கியது. இளங்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவமானப்பட்டவனாகவும் தெரியவில்லை. அவளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் அம்மான் மாலையைக் கையில் எடுத்தார். “இருந்தாலும் பேச்சு வந்துவிட்டது. எதற்கும் ஒரு பூவைப் பிய்த்துவிட்டு அனுப்பலாம். தொண்ணூறாக இருக்கட்டுமே” என்று சொல்லி, முடிச்சுக்கு அருகிலிருந்த முதல் நந்தியாவட்டையைப் பிடித்தார்.

முதல் பூ போனால் ஒவ்வொரு வரிசையும் ஓர் இடம் தள்ளிப்போகும். மீன் சிதறிப்போகும். அண்ணன் வெறும் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இன்று செய்தி எதுவும் இல்லையென்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

“ஐயோ, அம்மான்! என்ன காரியம் செய்யப் பார்த்தீர்கள்!” என்று வரகுணாட்டி அலறிவிட்டாள். அந்த அலறலில் நடிப்பே இல்லை. “தொண்ணூறு இரண்டாகப் பிரியும், மூன்றாகப் பிரியும், ஐந்தாகப் பிரியும், ஆறாகப் பிரியும்! எத்தனை வரிசை, எத்தனை உருவம்! நாமே நம் கையால் பகைவனுக்குச் செய்தி எழுதி அனுப்புவதா? தாங்கள் செப்பேட்டிலேயே உறுதி செய்த பகா எண்ணை விடப் பத்திரமானது உலகத்தில் வேறு ஏதாவது உண்டா? தொண்ணூற்றொன்றைக் கண்டு தாங்களே அஞ்சினால், சேனாபதி சொன்னதுதான் சரி என்று ஊர் பேசாதா?”

கடைசி வாக்கியம் குறி தப்பாமல் பாய்ந்தது. பூவைப் பிடித்த விரல்கள், சுட்டதுபோல் விலகின.

“நானா அஞ்சுகிறேன்? மாலை இப்படியே போகட்டும்! தொண்ணூற்றொன்றாகவே போகட்டும்!” என்று கர்ஜித்தார் விழுப்பரையர். “செப்பேட்டைப் பழித்த இந்தத் துரோகிக்கு நாளைக் காலை யானைக்காலில் இடறும் தண்டனை! அதற்குமுன் கொற்றவை சன்னதியில் இவன் தொண்ணூற்றொரு முறை விழுந்து வணங்கி மன்னிப்புக் கேட்கட்டும். விடியலில் நானூறு பேரையும் நானே நடத்திச் செல்கிறேன்!”

மன்னர் தலையசைத்தார். காவலர்கள் இளங்காரியின் கைகளைக் கட்டினார்கள்.

கொற்றவை கோயில் ஆற்றங்கரைப் படித்துறையை ஒட்டி இருந்தது. மாலை அம்மன் காலடியில் வைக்கப்பட்டு, பூசாரியின் தட்டில் ஏறி, பரிசலில் புறப்பட்டுப் போய்விட்டது. ஆயுதத்தோடு சன்னதிக்குள் நுழையக் கூடாது என்பதால் காவலர்கள் வெளியே நின்றார்கள். உள்ளே, கைகள் முன்புறம் கட்டப்பட்ட இளங்காரி விழுந்து எழுந்துகொண்டிருந்தான். பதின்மூன்று முறை ஆனதும் நின்று மூச்சு வாங்கினான்.

“ஒரு வரிசை முடிந்தது” என்று காவலர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். “இன்னும் ஆறு.”

தூண் மறைவில் நின்ற வரகுணாட்டிக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. எத்தனை மாதமாக இந்தப் பாசறையில் முட்டாள்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்! முட்டாளல்லாத ஒருவனைக் கண்ட அன்றே அவனை யானைக்காலுக்கு அனுப்பிவிட்டாள். அவன் பக்கத்தில் வந்து நின்று, மெல்லிய குரலில் கேட்டாள்:

“வாலைப் பார்த்தீர்கள். ஏன் சொல்லவில்லை?”

“அவர்களுக்கு எண்ணைச் சொன்னேன். அதை ஏற்றிருந்தால் தாக்குதல் நின்றிருக்கும், மீனையும் சொல்லியிருப்பேன். கண்ணெதிரே கிடந்த சோழியையே நம்பாதவர்களுக்கு மீன் எதற்கு?” அவன் மீண்டும் விழுந்து எழுந்தான். “மீன் என்றால் மதகு என்று ஊகித்தேன். அந்த மாலை போனால் உங்கள் ஆட்கள் மதகைத் திறப்பார்கள். வெள்ளத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். என் ஆட்கள் பிழைப்பார்கள். நான் செய்ய நினைத்ததை உங்கள் பூக்கள் செய்கின்றன, அவ்வளவுதான். ஒன்று கேட்கலாமா? கடாரத்துக்குப் போன உங்கள் கணவர் எப்போது திரும்புவார்?”

“அவர் இன்னும் பிறக்கவே இல்லை” என்றாள் வரகுணாட்டி.

இளங்காரி அன்று முதன்முறையாகச் சிரித்தான்.

அப்போதுதான் ஆற்றின் மறுபக்கத்திலிருந்து அந்த ஓசை எழுந்தது. முதலில் தாழ்ந்த உறுமலாக வந்து, பிறகு இடிமுழக்கமாக வளர்ந்தது. மேற்கு மதகு திறந்துவிட்டது! நிலவொளியில் கால்வாய் நெடுக வெண்ணுரை பொங்கி ஓடுவது கோயில் படியிலிருந்தே தெரிந்தது. பாசறையில் கொம்புகள் ஊதின. “மாலை! மாலையில்தான் ஏதோ இருந்திருக்கிறது! சீமாட்டியைப் பிடியுங்கள்!” என்று மன்னரின் குரல் அலறியது. அவருக்கும் கடைசியில் ஒன்று புலப்பட்டுவிட்டது, பாராட்டத்தான் வேண்டும்.

வரகுணாட்டி மாலை கட்டும் நார் வெட்டுகிற கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து இளங்காரியின் கட்டை அறுத்தாள். இருவரும் பின்வாயில் வழியாகப் படித்துறைக்கு ஓடினார்கள். பரிசல் அப்போதுதான் திரும்பி வந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பூசாரி ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

“இறங்காதீர்கள், சாமி! உங்கள் கால் கரையில் பட்டால் அம்பு பறக்கும்!” என்று கூவியபடி வரகுணாட்டி பரிசலுக்குள் குதித்தாள். இளங்காரி தூக்கிய காலோடு பூசாரியை அப்படியே உள்ளே அமர்த்திவிட்டுத் துடுப்பைப் பிடித்தான்.

“அம்மா தாயே, இது என்ன அநியாயம்! என் வீட்டில் சோறு ஆறிப்போகும்!” என்று புலம்பினார் பூசாரி.

கரையில் வில்லாளர்கள் திரண்டு நாணை இழுத்தார்கள். ஆனால் எய்யவில்லை. பூசாரி இன்னும் கரையில் கால் வைக்கவில்லையே! அம்மனின் ஆணை நடப்பில் இருக்கிறதா இல்லையா என்று விழுப்பரையர் அவையோரைக் கூட்டி அங்கேயே ஆராயத் தொடங்கிவிட்டார். பரிசலின் அடி விளிம்பு கரையைத் தொட்டது, கால் தொடவில்லை. பரிசலைக் காலாகக் கொள்ளலாமா? அந்த விவாதம் சூடு பிடிப்பதற்குள் பரிசல் நடு ஆற்றுக்கு வந்துவிட்டது.

“நான் வரகுணாட்டி. ஆதன் அழிசியின் தங்கை” என்றாள் அவள்.

“உங்கள் கோட்டைக்கு நான் படைவீரனாக வர மாட்டேன். என்னோடு உண்டவர்களோடு என்னால் போரிட முடியாது. கைதியாக வருகிறேன்” என்றான் இளங்காரி.

“அப்படியே ஆகட்டும். காவல் நான்தான்.”

துடுப்பை வலித்தபடியே இளங்காரி தென்கரையைத் திரும்பிப் பார்த்து மனநிறைவோடு மூச்சு விட்டான். “என் நானூறு பேரும் இன்று தூங்குவார்கள். யோசித்துப் பாருங்கள், தேவி! எண்ணெய் விளக்கைப் பார்த்து, திறந்த வாயாம், காவலே இல்லையாம்! அந்த உளறலை நம்பியிருந்தால் அத்தனை பேரையும் வேல்முனையில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். அந்த மதகில் எவ்வளவு காவல் இருக்கும் என்று போர் தெரிந்த எவனுக்கும் தெரியாதா?”

உண்மையை வரகுணாட்டி சொல்லாமலே விட்டுவிடலாம், கேட்பார் யாருமில்லை. ஆனால் இத்தனை மாதம் பொய்யிலேயே வாழ்ந்தவளுக்கு, இந்த ஒருவனிடம் முதல் நாளே பொய்யில் தொடங்க மனம் வரவில்லை.

“சேனாபதியாரே, மதகில் காவல் இல்லை” என்றாள்.

துடுப்பு நின்றது.

“வேலி போன மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. வீரர்கள் எல்லோரும் தலைவாயிலில் இருக்கிறார்கள். மதகுக்கு ஒரே ஒரு கிழவர்தான். அவருக்கும் காது கேட்காது. விடியலில் நீங்கள் நானூறு பேரோடு நுழைந்திருந்தால், ஒரு துளி ரத்தம் சிந்தாமல் கோட்டை உங்கள் கையில். அந்த மனிதர் எதைப் பார்த்து என்னத்தை உளறினாரோ, உளறியது அப்படியே உண்மை.”

பரிசல் ஆற்று நீரின் போக்கில் ஒரு சுற்றுச் சுற்றியது. வடக்கே எத்தனையோ போர்களை வென்ற அந்தச் சேனைத்தலைவன், கையெட்டும் தூரத்தில் கிடந்த வெற்றியை, ஒரு முட்டாளை நம்பக் கூடாது என்ற அறிவினாலேயே கோட்டைவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் கோபம் வந்தது, போயிற்று. தென்கரையிலிருந்து விழுப்பரையரின் குரல், “கால் வேறு, பரிசல் வேறு!” என்று தெளிவாகக் கேட்டது.

இளங்காரி அந்தக் குரல் வந்த திசையை வெறித்துப் பார்த்தான். பிறகு, கைகளைக் கட்டியபோதும் யானைக்காலை நினைத்தபோதும் வராத ஒரு பயம் அவன் குரலில் வந்தது.

“தேவி! எனக்கு ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். என் உயிரைக் கேட்டாலும் தருகிறேன், இதை மறுக்கக் கூடாது.”

“சொல்லுங்கள்.”

“போர் முடியட்டும், முடியாமல் போகட்டும். நாம் வாழ்ந்தாலும் செத்தாலும், அவர் சொன்னது சரி என்பது அந்த மனிதர் காதுக்கு ஒருநாளும் போகக் கூடாது!”

வரகுணாட்டி நகைக்கவில்லை. வெள்ளாற்று நீரை வலக்கையில் அள்ளி, கோயில் இருந்த திசையை நோக்கி, “கொற்றவை சாட்சியாக” என்று சொல்லிக் கீழே விட்டாள். இளங்காரியும் அப்படியே அள்ளி விட்டான். பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பிப் பூசாரியைப் பார்த்தார்கள்.

பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, தாமும் ஒரு கை நீர் அள்ளினார்.